எதோடு ஒப்பிட்டு?

திருப்பரங்குன்றத்தை ஒட்டியுள்ள விளாச்சேரியை மதுரைக்காரர்கள் கொலு பொம்மைகளுக்காகத்தான் அறிவார்கள். அந்த ஊர்ச் சாலை ஓர் ஆய்வறிக்கையிலும் இடம்பெற்றிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிளாஸ்டிக் கழிவைச் சேர்த்துப் போட்ட சாலைகள் சில ஆண்டுகள் கழித்து எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அளந்து, 2008இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2002இல் போட்ட சென்னை ஜம்புலிங்கம் தெரு, 2003இல் போட்ட ஈரோட்டுத் தெரு ஒன்று, 2004இன் மதுரை வண்டியூர்ச் சாலை, 2005இன் விளாச்சேரிச் சாலை, 2006இல் திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் போட்ட கேண்டீன் சாலை ஆகிய ஐந்தும் அதில் உண்டு. மேடுபள்ளம், வழுக்கும் தன்மை, அடர்த்தி, பாரம் ஏறும்போது எவ்வளவு அமுங்கி மீள்கிறது என்று ஒவ்வொன்றையும் கருவி வைத்து அளந்தார்கள்.

கூடவே, பிளாஸ்டிக் எதுவும் சேர்க்காமல் 2002இல் போட்ட வெறும் தார்ச் சாலை ஒன்றையும் அதே கருவிகளால் அளந்தார்கள். பேச்சில் அடிபட்டவை முதல் ஐந்து சாலைகள்தான். ஆனால் அந்த அறிக்கையை விளம்பரத்திலிருந்து பிரித்து ஆய்வு என்று சொல்ல வைப்பது ஆறாவது சாலை. 'நான்கு ஆண்டாகியும் குழி விழவில்லை' என்பது வெறும் தகவல். அதே வெயிலையும் மழையையும் கண்ட சாதாரணச் சாலையில் எவ்வளவு குழி விழுந்தது என்பதும் தெரிந்தால்தான் அந்தத் தகவலுக்குப் பொருள் கிடைக்கும்.

மருத்துவமோ கல்வியோ தொழில்நுட்பமோ, 'ஆய்வில் தெரியவந்துள்ளது' என்று முடியும் செய்தி எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: எதோடு ஒப்பிட்டு? மதுரையிலும் தமிழ்நாட்டின் பிற ஊர்களிலும் அண்மைக் காலத்தில் நடந்த சில ஆய்வுகளை இந்தக் கேள்வியோடு அணுகினால், அவற்றின் வலுவும் தெரியும், எல்லையும் தெரியும்.

ஜல்லிமேல் ஒரு பூச்சு

தார்ச் சாலைக்கு முதல் எதிரி லாரி என்று நினைப்போம். உண்மையில் தண்ணீர்தான். ஜல்லிக்கல்லின் மேற்பரப்பு தண்ணீரை எளிதில் ஏற்கும். தாரோ எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. மழைநீர் சாலையின் நுண்ணிய இடுக்குகளில் இறங்கி, கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து, தாரைக் கல்லிலிருந்து உரிக்கிறது. உரிந்த இடத்தில் சக்கரம் ஏறியதும் ஒரு ஜல்லி பெயர்கிறது. அது பெயர்ந்ததும் பக்கத்து ஜல்லிக்குப் பிடிமானம் போகிறது. ஐப்பசியில் அடைமழை பிடித்து ஓய்ந்த மறுவாரமே சாலை குண்டும் குழியுமாக ஆவது இப்படித்தான்.

தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் 2000களின் தொடக்கத்தில் கைவைத்தது இந்த இடத்தில்தான். பிளாஸ்டிக்கைத் தாரில் உருக்கிக் கலக்கும் முயற்சிகள் அதற்கு முன்பே உலகில் நடந்தவை. அதில் ஒரு தொல்லை உண்டு: அளவு கூடினால் பிளாஸ்டிக் தனியே பிரிந்துவிடும், சேர்த்து வைக்கத் தனி இயந்திரம் வேண்டும். வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் தாரில் போடாமல் கல்லின்மேல் போட்டார். கலவை ஆலையில் ஜல்லியை எப்படியும் 170 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கத்தான் செய்கிறார்கள். சிறு துண்டுகளாக நறுக்கிய பைகளையும் கப்புகளையும் அந்தச் சூட்டுக் கல்மேல் தூவினால், அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் உருகி மெல்லிய படலமாகக் கல்லைப் போர்த்துகின்றன. அதன் பிறகே தார் ஊற்றப்படுகிறது. பிளாஸ்டிக்கும் தாரைப் போலவே பெட்ரோலிய வழி வந்தது என்பதால் இரண்டும் நன்றாக ஒட்டுகின்றன. கல்லுக்குள் நீர் புக வழி குறைகிறது.

எந்த பிளாஸ்டிக் என்பது முக்கியம். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன் ஆகியவை இந்தச் சூட்டில் இளகுமே தவிரச் சிதைவதில்லை. சிதைய அதைவிட 100 டிகிரி அளவுக்குக் கூடுதல் சூடு வேண்டும். பி.வி.சி. அப்படியல்ல. அதில் குளோரின் இருப்பதால் சூட்டில் நச்சு வாயு வரும். அதை ஒதுக்கிவிட வேண்டும். ஒற்றைத் தட சாலை ஒரு கிலோமீட்டர் போட ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் போகும்; அந்த அளவுக்குத் தாரும் மிச்சமாகும். இந்தியச் சாலைக் கழகம் இந்த முறைக்கு 2013இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் நெடுஞ்சாலைகளைப் புதுப்பிக்கும்போது இதைப் பின்பற்ற வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு சொன்னது. வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இனி நம் கேள்வி. ஆய்வகத்தில் நடந்த ஒப்பீடு துப்புரவானது. ஒரே குவாரிக் கல், ஒரே தார், ஒரே சூடு; பூச்சு உண்டா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு. தார் பூசிய இரண்டு வகை ஜல்லியையும் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு எதில் தார் உரிகிறது என்று பார்க்கலாம். பூச்சுள்ள கல் வென்றால், வெற்றிக்குக் காரணம் பூச்சுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

சாலையில் அந்தத் துப்புரவு கிடைப்பதில்லை. ஈரோட்டுத் தெருவும் வண்டியூர்ச் சாலையும் ஒரே வயதுடையவை அல்ல. ஒரே பாரம் சுமப்பவையும் அல்ல. அடியிலுள்ள மண் வேறு, ஒப்பந்தக்காரர் வேறு. புது முறை என்று பலர் வந்து பார்க்கும் சாலையில் வேலை சற்றுக் கூடுதல் கவனத்தோடு நடந்திருக்கவும் கூடும். ஒப்பிட வைத்திருந்ததும் ஒரே ஒரு வெறும் தார்ச் சாலை. அளந்த குழுவும் முறையைக் கண்டுபிடித்த கல்லூரியையே சேர்ந்தது. இவை எதுவும் முடிவைத் தவறாக்கிவிடாது. முடிவை எவ்வளவு அழுத்திச் சொல்லலாம் என்பதைத்தான் கட்டுப்படுத்துகின்றன. ஒரே சாலையில், ஒரே மாதத்தில், ஒரே ஒப்பந்தக்காரரை வைத்து, அரை கிலோமீட்டர் பூச்சோடும் அடுத்த அரை கிலோமீட்டர் பூச்சில்லாமலும் மாறி மாறிப் போட்டு, பத்து ஆண்டு அளந்தால் இந்தச் சந்தேகங்களில் பெரும்பாலானவை தீர்ந்துபோகும். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஒப்பிடும் பொருளை மாற்றினால் விடையே மாறுவதும் இதே சாலையில் தெரியும். தேய்ந்த சாலையிலிருந்து நுண்பிளாஸ்டிக் துகள்கள் மண்ணில் கலக்காதா என்று இப்போது கேட்கிறார்கள். வெறும் தார்ச் சாலையோடு ஒப்பிட்டால் அது நியாயமான கவலை. அந்தப் பை சாலைக்குள் போகாவிட்டால் எங்கே போயிருக்கும்? குப்பை மேட்டில் கிடந்து வெயிலில் நொறுங்கியிருக்கும், அல்லது எரிக்கப்பட்டுப் புகையாகியிருக்கும். அவற்றோடு ஒப்பிட்டால் சாலை எவ்வளவோ மேல். அந்தப் பையைத் தயாரிக்காமலே விட்டிருந்தால் என்பதோடு ஒப்பிட்டால் சாலையும் தோற்கும். சாலை ஒன்றுதான், எதன் பக்கத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது.

பழைய சொட்டு, புதிய சொட்டு

கதிரடிக்கும்போது ஒரு நெல் தெறித்துக் கண்ணில் படுகிறது. அல்லது கரும்புச் சோகை கருவிழியைக் கீறுகிறது. இரண்டு நாள் உறுத்தல் என்று விட்டுவிடுவார்கள். சிலர் தாய்ப்பால் விடுவார்கள், சிலர் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்குவார்கள். கீறல் வழியே பூஞ்சை உள்ளே போனால் கருவிழியில் வெள்ளையாகப் புண் விழுகிறது. மதுரையில் 1994இல் மூன்று மாதத்தில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் அடிபட்ட வரலாறு இருந்தது. குளிர்நாடுகளில் கான்டாக்ட் லென்ஸும் பாக்டீரியாவும்தான் இந்தப் புண்ணுக்கு முதன்மைக் காரணங்கள். ஆகவே பூஞ்சைப் புண்ணுக்கு எது நல்ல மருந்து என்பதை அங்கே யாராவது பெரிய அளவில் சோதித்துச் சொல்வார்கள் என்று காத்திருக்க முடியாது. நோய் இங்கே இருக்கிறது; ஆய்வும் இங்கேதான் நடக்க வேண்டும்.

நேட்டமைசின் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த சொட்டு மருந்து. பால்போல் கலங்கலாக இருக்கும். கருவிழிக்குள் ஆழமாக இறங்காது என்பது அதன்மேல் இருந்த குறை. பிறகு வோரிகோனசோல் வந்தது. கண்ணுக்குள் நன்றாக ஊடுருவியது. சோதனைத் தட்டில் பூஞ்சைகளை நன்றாகவே கட்டுப்படுத்தியது. கண் மருத்துவர்கள் பலருக்கும் புதியதன்மேல் நம்பிக்கை வந்தது. வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு: காரணம் சொல்ல முடிகிற எல்லா இடத்திலும் புதியதே முன்னால் நின்றது.

அரவிந்த் மருத்துவமனையும் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனமும் சேர்ந்து 2010இல் ஓர் ஒப்பீட்டைத் தொடங்கின. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் மதுரை அரவிந்தின் கருவிழி நிபுணர் என். வெங்கடேஷ் பிரஜ்னா. மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி மருத்துவமனைகளுக்கு வந்த பூஞ்சைப் புண் நோயாளிகளுக்கு, யாருக்கு எந்தச் சொட்டு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது. எது யாருக்குப் போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளப்பவருக்கும் தெரியாது.

368 பேரைச் சேர்ப்பது திட்டம். 323 பேரோடு நின்றது. முடிவுகளைத் தனியே கண்காணித்த குழு, மேற்கொண்டு சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மூன்று மாத முடிவில், பழைய நேட்டமைசின் பெற்றவர்கள் பார்வைப் பலகையில் சராசரியாக ஏறத்தாழ இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தாக்கியவர்களிடம் இந்த வேறுபாடு நான்கு வரி. கருவிழி ஓட்டை விழுந்தோ உடனடி மாற்று அறுவை தேவைப்பட்டோ போனவர்கள் நேட்டமைசின் பக்கம் 18 பேர். வோரிகோனசோல் பக்கம் 34 பேர். 2013இல் முடிவு வெளியானது. உலகெங்கும் பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கு, அதிலும் ஃபியூசேரியத்துக்கு, முதல் மருந்தாக நேட்டமைசின் நிலைத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

குலுக்கல் இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? கடினம்தான். இரண்டு மருந்திலும் நிறையப் பேருக்குக் குணம் தெரியும். புதிய மருந்து கொடுத்துக் குணமான நோயாளியை மருத்துவர் நினைவில் வைத்திருப்பார். ஓட்டை விழுந்த நோயாளியைப் பார்த்தால் 'தாமதமாக வந்தார்' என்று சொல்லிக்கொள்வார். முற்றிய புண்ணுக்குப் புதியது, லேசான புண்ணுக்குப் பழையது என்று தேர்ந்து கொடுத்திருந்தால் கணக்கு இன்னும் குழம்பும். குலுக்கல் செய்யும் வேலை இதுதான்: முற்றிய புண்ணும் லேசான புண்ணும், சீக்கிரம் வந்தவரும் தாமதமாக வந்தவரும், இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுகிறார்கள். நாம் அறியாத வேறுபாடுகள்கூட இரண்டு பக்கமும் பிரிந்துவிடுகின்றன. எஞ்சி நிற்கும் ஒரே வேறுபாடு மருந்து.

இயந்திரத்துக்கு எதிரே யார்?

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடித்தால் விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. தொடக்கத்தில் பார்வையில் எந்தக் குறையும் தெரியாது. தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தால் முன்கூட்டியே பிடிக்கலாம். படம் எடுப்பது எளிது. அதைப் படித்துச் சொல்லும் மருத்துவர்கள்தான் போதவில்லை.

கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் வருகிறது. அமெரிக்காவிலிருந்தும், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளிலிருந்தும் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கொடுத்துக் கணினியைப் பழக்கினார்கள். எது நோய் என்று யாரும் அதற்கு விதி சொல்லித்தரவில்லை. மருத்துவர்கள் தரம்பிரித்த படங்களைப் பார்த்துப் பார்த்து அதுவே கற்றது. பிறகு, கணினி முன்பு பார்த்திராத படங்களைக் காட்டியபோது 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகக் கண்டுபிடித்தது.

சேமித்து வைத்த படங்களில் தேறுவது ஒன்று, அன்றாடம் வந்து உட்காரும் நோயாளிகளிடம் தேறுவது வேறு. ஆகவே அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் வழக்கமான சிகிச்சைக்கு வந்த 3,049 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2019இல் வந்தது. கணினியை யாரோடு ஒப்பிடுவது? மருத்துவரோடு என்றால், எந்த மருத்துவர்? ஒரே படத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது. எனவே விழித்திரை நிபுணர்கள் மூவர் விவாதித்து ஒத்துக்கொண்ட முடிவை உரைகல்லாக வைத்து, கணினியையும் மற்ற மருத்துவர்களையும் பயிற்சி பெற்ற தரம்பிரிப்பாளர்களையும் அதில் உரசிப் பார்த்தார்கள்.

மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நோயைத் தவறவிடாமல் பிடிப்பதில், தனித்தனி மனிதர்கள் பெற்றது 73 முதல் 90 விழுக்காடு. கணினி அரவிந்தில் 88.9, சங்கர நேத்ராலயாவில் 92.1. நோயில்லாதவரை வீணாக அனுப்பாமல் விடுவதில் மனிதர்கள் 84 முதல் 99 வரை. கணினி அரவிந்தில் 92.2, சங்கர நேத்ராலயாவில் 95.2. இந்த எண்களை ஊருக்குள் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். ஒரு முகாமுக்கு 1,000 சர்க்கரை நோயாளிகள் வருகிறார்கள், அவர்களில் 150 பேருக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரவிந்தின் எண்களைப் போட்டால் கணினி 133 பேரைப் பிடிக்கும், 17 பேரைத் தவறவிடும், நோயில்லாத 66 பேரைப் பெரிய மருத்துவமனைக்கு அலையவிடும்.

இது நல்லதா, போதாதா? மீண்டும் அதே கேள்வி. நிபுணர் மூவர் உட்கார்ந்து பார்ப்பதோடு ஒப்பிட்டால் 17 பேர் இழப்பு. ஒற்றை மருத்துவரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழச் சமம். கண் மருத்துவரே எட்டிப் பார்க்காத ஊரோடு ஒப்பிட்டால், இல்லாவிட்டால் தெரியாமலே போயிருக்கும் 133 பேர் லாபம்.

இன்னொரு ஒப்பீடும் உண்டு: நல்ல விளக்கும் நல்ல இணையமும் உள்ள மருத்துவமனை, அவை இல்லாத இடம். இதே கணினி முறையைத் தாய்லாந்தில் 11 சிற்றூர், சிறுநகர மருத்துவ நிலையங்களில் செவிலியர் கையில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தெளிவு போதவில்லை என்று கணினி திருப்பிவிட்டது. அறையைப் போதிய அளவு இருட்டாக்க முடியவில்லை. படங்களை ஏற்றுவதற்குள் இணையம் இழுத்தது. வரிசையில் காத்திருந்தவர்கள் சலித்தார்கள். படத்தைப் படிக்கும் திறனில் குறையில்லை. கணினியையும் மருத்துவரையும் ஒப்பிட்ட ஆய்வால் இதைச் சொல்லியிருக்க முடியாது. கணினி உள்ள நிலையத்தையும் கணினி இல்லாத நிலையத்தையும் பக்கத்தில் வைத்து, ஓராண்டு முடிவில் எத்தனை பேர் உண்மையிலேயே லேசர் சிகிச்சை பெற்றார்கள் என்று எண்ணினால்தான் இயந்திரத்தின் பயன் தெரியும்.

2019இன் எட்டு வயதும் 2021இன் எட்டு வயதும்

கருவிழியிலும் விழித்திரையிலும் ஒப்பிடுவதற்கு ஆள் கிடைத்தார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளியும் மூடியது. திறந்திருந்த பள்ளி என்று ஒன்றைக் காட்டி, 'இதோடு ஒப்பிடு' என்று சொல்ல வழியில்லை. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. குழந்தைகள் எவ்வளவு இழந்தார்கள் என்பதை எப்படி அளப்பது?

பொருளியல் அறிஞர்கள் அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஒரு வழி கண்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2019இல் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்த தரவு அவர்களிடம் இருந்தது. 2021 டிசம்பரில் அதே கிராமங்களுக்குப் போய், வீடு வீடாகச் சோதித்தார்கள். ஆய்வில் ஏறத்தாழ 19,000 குழந்தைகள். ஒரு குழந்தையின் பழைய மதிப்பெண்ணையும் புதிய மதிப்பெண்ணையும் ஒப்பிட்டிருந்தால், இடைப்பட்ட காலத்தில் வயது கூடியதால் வந்த வளர்ச்சி கணக்கைக் கெடுத்திருக்கும். அவர்கள் ஒப்பிட்டது வேறு: அதே ஊரில் 2019இல் எட்டு வயதாக இருந்த குழந்தையையும், 2021இல் எட்டு வயதாக இருக்கும் குழந்தையையும். பள்ளியில் வைக்காமல் வீட்டில் தேர்வு வைத்ததற்கும் காரணம் உண்டு. பள்ளிக்கு வருபவர்களை மட்டும் அளந்தால், வராமல் நின்றுவிட்ட குழந்தைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

முடிவு கடுமையாக இருந்தது. கணக்கில் 0.73, தமிழில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கல். இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். 2019இல் ஒரே வயதுக் குழந்தைகள் 100 பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில், 50ஆவது இடத்தில், ஒரு குழந்தை நிற்கும். 2021இல் தன் வயதினரிடையே நடுவில் நிற்கும் குழந்தையைக் கொண்டுவந்து அந்தப் பழைய வரிசையில் நிறுத்தினால், கணக்கில் ஏறத்தாழ 77ஆவது இடம், தமிழில் 63ஆவது இடம்தான் கிடைக்கும். தமிழ் வீட்டில் பேசும் மொழி. வகுத்தலை வீட்டில் யாரும் பேசுவதில்லை. வேறுபாட்டுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதிகம் படிக்க வாய்க்காத தாய்மாரின் பிள்ளைகளே கூடுதலாகப் பின்தங்கியிருந்தார்கள்.

பள்ளி திறந்து ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோது இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. இதில் 'இல்லம் தேடிக் கல்வி'யின் பங்கு என்ன? 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருவிலோ வீட்டுத் திண்ணையிலோ, அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். திட்டத்தில் சேர்ந்த குழந்தைகளின் முன்-பின் மதிப்பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மீட்சி முழுவதும் திட்டத்தின் சாதனை என்று மேடையில் முழங்கலாம். ஆனால் திட்டத்தில் சேராத குழந்தைகளும் மீண்டார்கள்; பள்ளி திறந்ததே அவர்களுக்கு மருந்தாயிற்று. ஆய்வாளர்கள் டிசம்பரில் ஒரே நிலையில் இருந்த குழந்தைகளில், மாலை வகுப்புக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். மொத்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு திட்டத்தால் வந்தது என்று கணித்தார்கள். பின்தங்கிய வீட்டுக் குழந்தைகளே கூடுதல் வேகத்தில் மீண்டார்கள்; அதில் திட்டத்துக்குப் பங்கு இருக்கக்கூடும் என்றும் சொன்னார்கள்.

மேடைப் பேச்சுக்கு 24 சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆசிரியர் பட்டம் கேட்காமல், கட்டடம் கட்டாமல், மாலை நேரத்தை மட்டும் வைத்து ஒரு மாநிலத் தலைமுறையின் மீட்சியில் நாலில் ஒரு பங்கு என்பது உலக அளவில் பெரிய எண். ஆயினும் இந்த 24 கருவிழி ஆய்வின் 18-34 போல உறுதியானது அல்ல. மாலை வகுப்புக்கு யார் போவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யவில்லை. வீடு முடிவு செய்தது. பிள்ளையைத் தவறாமல் அனுப்பிய வீட்டில், அளக்கப்படாத வேறு அக்கறைகளும் இருந்திருக்கலாம். பழைய மதிப்பெண்ணைச் சமன்செய்தால் இதில் பெரும்பகுதி கழியும், முழுவதும் கழியாது.

குலுக்கலுக்கு ஏன் தயக்கம்

'குழந்தைகளையும் நோயாளிகளையும் வைத்துச் சீட்டுக் குலுக்குவதா?' என்று கேட்பவர்கள் உண்டு. எது நல்லது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் குலுக்குவது தவறுதான். தெரியாதபோது குலுக்காமல் எல்லோருக்கும் கொடுப்பதும் ஒரு சோதனைதான். முடிவைக் குறித்து வைக்காத சோதனை. வோரிகோனசோலை எல்லோருக்கும் கொடுத்திருந்தால் எத்தனை கருவிழிகள் ஓட்டை விழுந்திருக்கும் என்று எண்ணக்கூட வழியிருந்திருக்காது.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. இன்னொரு பிரிவினருக்கு நெரிசலான தங்கள் வீட்டிலேயே, வழக்கமான கூழோ கஞ்சியோ குடித்துக்கொண்டு, அதே மாத்திரைகள். காசநோய்க்கு ஓய்வும் ஊட்டமும் தூய காற்றும் இல்லாமல் முடியாது என்று உலகம் நம்பிய காலம் அது. மொத்தம் 193 நோயாளிகள், ஓராண்டு சிகிச்சை. 1959இல் முடிவு வந்தபோது, வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. ஏழை நாடுகளில் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு அந்தச் சென்னை ஆய்வே அடித்தளம். அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வீட்டில் சிகிச்சை பெற்றவர்கள் மட்டும் இருந்து, பக்கத்தில் சானடோரியப் பிரிவு இல்லாமல் போயிருந்தால், அந்த முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அரசுத் திட்டங்களில் இதற்கான வாய்ப்பு தானாகவே வருகிறது. எந்தத் திட்டமும் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போவதில்லை. இல்லம் தேடிக் கல்வியே முதலில் மதுரை உள்ளிட்ட 12 மாவட்டங்களில் தொடங்கி, பிறகுதான் மாநிலம் முழுக்கப் பரவியது. கண் பரிசோதனைக் கணினியோ வகுப்பறைக்கான புதிய செயலியோ, எது வந்தாலும் முதல் ஆண்டில் சில ஒன்றியங்களுக்கு, அடுத்த ஆண்டில் மற்றவற்றுக்கு என்றுதான் போகும். எந்த ஒன்றியம் முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டால், காத்திருக்கும் ஒன்றியங்கள் தாமாகவே ஒப்பீட்டுப் பிரிவாகிவிடும். யாருக்கும் எதுவும் மறுக்கப்படுவதில்லை. கூடுதல் செலவு, இரண்டு பக்கமும் அளந்து எழுதி வைக்கும் செலவு மட்டுமே. யாருக்கு முதலில் என்பதைச் செல்வாக்குள்ளவரின் தொகுதி தீர்மானிப்பதைவிடச் சீட்டு தீர்மானிப்பது நியாயமும்கூட. மறு ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அந்தத் திட்டத்துக்குப் பணம் கேட்கும் அதிகாரியிடம், 'எதோடு ஒப்பிட்டு?' என்று நிதித்துறை கேட்டால், சொல்வதற்கு அவர் கையில் ஓர் எண்ணும் இருக்கும்.